இஸ்லாமியக் காதல் நாவல்களை விழிப்போடு வாசிப்பது எப்படி?

நாயகனும் நாயகியும் ஐவேளை தொழுகிறார்கள், பார்வையைத் தாழ்த்துகிறார்கள், கதை நிக்காஹ்வில் (திருமண ஒப்பந்தத்தில்) முடிகிறது அல்லது நிக்காஹ்விலிருந்து தொடங்குகிறது: இப்படிப்பட்ட நாவல்களையே இஸ்லாமியக் காதல் நாவல்கள் என்று பொதுவாகச் சொல்கிறோம். இவற்றைப் படிப்பது கூடுமா, கூடாதா என்பதை ஆலிம்களிடம்தான் (மார்க்க அறிஞர்களிடம்தான்) கேட்க வேண்டும். இந்தக் கட்டுரை அதற்குள் போகவில்லை. நூலைக் கையில் எடுத்தாயிற்று, அல்லது வீட்டில் வேறொருவர் எடுத்துவிட்டார் என்ற நிலையில், அது வாசிப்பவரின் ஈமானையும் (இறைநம்பிக்கையையும்) வாழ்க்கை மதிப்பீடுகளையும் என்ன செய்கிறது என்று கண்டறிவதற்கான ஒரு வாசிப்பு முறையை மட்டும் இங்கே விளக்குகிறேன். வாசகர் வட்டம் ஒன்றில் இத்தகைய நூல்களைச் சேர்ந்து படித்து, சேர்ந்து சண்டையும் போட்டதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். இந்த நாவல்களில் வரும் உபதேசப் பக்கங்களை வாசகர் பெரும்பாலும் புரட்டிக் கடந்துவிடுகிறார். அவர் மனத்தில் தங்குவது, கதை யாருக்குப் பரிசு கொடுத்தது, எதை அழகாக்கிக் காட்டியது என்பதே. ஆகவே அதைக் கவனிக்கப் பழகுவதுதான் இந்த வழிகாட்டியின் சாரம்.

கையில் இருப்பது எந்த வகை?

எல்லா இஸ்லாமியக் காதல் நாவல்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல. துருக்கியில் ஷூலே யூக்செல் ஷென்லெர் எழுதி 1970-இல் நூலாக வந்த ‘அமைதித் தெரு’ என்ற பொருளுடைய நாவல், நாகரிக மோகத்தில் வளர்ந்த பெண் ஒருத்தி மார்க்கப் பற்றுள்ள இளைஞன் ஒருவனைச் சந்தித்து மனம் மாறுவதைச் சொன்னது. அதே ஆண்டில் திரைப்படமாகவும் வந்தது. அதன் வழியில் அங்கே ‘ஹிதாயத் (நேர்வழி) நாவல்’ என்றே ஒரு வகை வளர்ந்தது. இந்தோனேசியாவில் ஹபீபுர்ரஹ்மான் அல்-ஷீராஸி 2004-இல் எழுதிய ‘ஆயத்-ஆயத் சிந்தா’, கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவன் ஒருவனை நாயகனாக்கி, அட்டையிலேயே தன்னை ஆன்மாவைக் கட்டியெழுப்பும் நாவல் என்று அறிவித்துக்கொண்டது. 2008-இல் படமாக வந்தபோது திரையரங்குகள் நிரம்பி வழிந்தன. நைஜீரியாவின் வடபகுதியில் ஹவுசா மொழியில் பெண்கள் பெருமளவில் எழுதிய ‘சோயய்யா’ (காதல்) நூல்கள் வேறொரு திசையில் போயின. கட்டாயத் திருமணமும் சக்களத்திப் போராட்டமும் பெண் கல்வியும்தான் அவற்றின் பேசுபொருள்கள். இன்று வாட்பேட் போன்ற இணையக் கதைத் தளங்களில் அத்தியாயம் அத்தியாயமாக வெளிவரும் கதைகளில், பெற்றோர் நிச்சயித்த திருமணத்தில் முகம் கொடுக்காத கணவன் மெல்ல மெல்லக் கனிவது ஓயாமல் திரும்பி வருகிறது.

வகையைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொன்றும் வாசகரைத் தொடும் இடம் வேறு. ஹிதாயத் கதை, தவறிய மனிதருக்கும் வாசல் திறந்திருக்கிறது என்ற நம்பிக்கையைத் தருகிறது. கூடவே உலகத்தை ‘நாம்’, ‘அவர்கள்’ என்று இரண்டாகப் பிளந்து, தொழாதவர்கள் எல்லோரையும் வெறுமையில் தவிப்பவர்களாகக் காட்டிவிடும். குறையற்ற நாயகனைக் கொண்ட கதை, நல்லொழுக்கத்தையே விரும்பத்தக்கதாக்குகிறது. கூடவே நடைமுறையில் கிடைக்காத ஒருவரை எதிர்பார்க்க வைக்கிறது. முதல் இருபது பக்கங்களைப் படித்ததும், ‘இந்தக் கதை என்னை எதற்கு ஏங்க வைக்கப் பார்க்கிறது?’ என்று ஒரே ஒரு வரியில் எழுதி வையுங்கள். பின்னால் அந்த வரி தேவைப்படும்.

நாயகன் பார்வையைத் தாழ்த்துகிறான், வாசகர்?

பென்சிலோடு வாசியுங்கள். எதைக் குறிப்பது என்பதை ஒரு காட்சியைக் கொண்டு காட்டுகிறேன். பல நாவல்களில் படித்த ஒரே மாதிரிக் காட்சிகளைச் சேர்த்து நானே கட்டியது இது. நூலகப் படிக்கட்டில் நாயகி எதிரே வருகிறாள். நாயகன் உடனே பார்வையைத் தரையில் பதிக்கிறான். பார்வையைத் தாழ்த்தச் சொல்லும் குர்ஆன் வசனம் (சூரத்துந் நூர் 30) அவன் நினைவுக்கு வருகிறது. இதற்கு மூன்று வரிகள். அடுத்த ஒன்றரைப் பக்கம், காற்றில் அசையும் அவளது முக்காட்டின் ஓரத்தையும், தேன் நிறக் கண்களையும், ‘மன்னிக்கவும்’ என்று சொன்ன குரலின் நடுக்கத்தையும் கதைசொல்லி வருணிக்கிறார். நாயகன் பார்க்காததை எல்லாம் வாசகர் பார்த்தாயிற்று. கதாபாத்திரம் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கிறது. வாசிப்பின் இன்பமோ அந்தக் கட்டுப்பாட்டை மீறுவதிலிருந்து கிடைக்கிறது.

இதைக் கண்டுகொள்வதாலேயே நூல் கெட்டதாகிவிடாது. காதலைப் பற்றி எழுத முனைந்த எந்த எழுத்தாளரும் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளத்தான் செய்வார். ஆனால் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, ‘சொல்வது ஒன்று, சுவைக்கத் தருவது ஒன்று’ என்று குறித்துக்கொள்ளும் வாசகர், தம்முடைய மனம் எந்த வரியில் மெதுவாக நகர்ந்தது, எந்த வரியை இரண்டாம் முறை படித்தது என்பதையும் கவனிக்கத் தொடங்குகிறார். அந்தக் கவனிப்பையே தக்வாவின் (இறையச்சத்தின்) ஒரு சிறு பயிற்சியாகக் கொள்ளலாம் என்று நான் நினைக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் குர்ஆனிலேயே காட்சிகள் இருக்கின்றன. ‘அழகிய வரலாறு’ என்ற அறிமுகத்தோடு தொடங்கும் சூரத்து யூசுஃபில், கதவுகள் தாழிடப்படுவதும், யூசுஃபை விரும்பிய பெண்ணின் உள்ளத்தைக் காதல் ஊடுருவிவிட்டது என்று நகரத்துப் பெண்கள் புறம் பேசுவதும் மறைக்கப்படவில்லை. ஆனால் ஆசையின் வருணனை ஒரு சொல்கூடக் கூடுதலாக இல்லை. சூரத்துல் கஸஸின் 23 முதல் 27 வரையுள்ள வசனங்களை இன்னும் நிதானமாகப் படிக்கலாம். மூஸா (அலை) கிணற்றடியில் இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிவிட்டு, ஒரு சொல்லும் கூடுதலாகப் பேசாமல் நிழலுக்கு ஒதுங்கித் தம் இறைவனிடம் துஆ செய்கிறார். பின்னர் அவ்விருவரில் ஒருத்தி நாணத்தோடு நடந்து வந்து தந்தையின் அழைப்பைச் சொல்கிறாள். தந்தையிடம், பணிக்கு அமர்த்தத் தக்கவர்களில் சிறந்தவர் வலிமையும் நம்பகத்தன்மையும் உள்ளவரே என்று கூறுகிறாள். திருமணப் பேச்சு அதன் பிறகுதான் வருகிறது, எட்டு ஆண்டுப் பணி என்ற நிபந்தனையோடு.

இங்கே ஒரு பயிற்சி. உங்கள் நாவலின் நாயகனைப் பற்றிச் சொல்லப்படும் தகுதிகளை ஒரு தாளின் இடப்பக்கத்தில் எழுதுங்கள்: ஹாஃபிழ் (குர்ஆனை மனனம் செய்தவன்), உயரமானவன், செல்வந்தன், கோபக்காரன் ஆனாலும் உள்ளே நல்லவன் என்பது போல. வலப்பக்கத்தில், அந்தத் தகுதிகளை அவன் செயலில் காட்டிய பக்க எண்ணை எழுதுங்கள். அந்தக் கிணற்றடிப் பெண் தன் கண்ணால் கண்ட செயலை வைத்து மதிப்பிட்டாள் என்பதை நினைவில் கொண்டால், வலப்பக்கம் காலியாக இருக்கும் வரிகள் தாமே பேசும்.

மார்க்கச் சட்டம் போலத் தோன்றுபவை

இந்த நாவல்களின் வாசகர்கள் பலர் நிக்காஹ், வலீ (பெண்ணின் பொறுப்பாளர்), மஹர் (மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை), குல்உ (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) ஆகியவற்றைப் பற்றிய விவரங்களை முதன்முதலில் கதைகளில்தான் சந்திக்கிறார்கள். மஹர் தன்னுடைய சொந்தச் சொத்து என்பதையும், பிரிவைக் கேட்கத் தனக்கு வழியுண்டு என்பதையும் ஒரு நாயகியின் வாயிலாகத் தெரிந்துகொண்ட பெண்களை எங்கள் வட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். அந்த நன்மையைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் கதையின் தேவைக்காக எழுத்தாளர் வளைத்த விவரமும் அதே உறுதியோடு மனத்தில் உட்கார்ந்துவிடுகிறது. எனவே சட்டம், வழிபாடு ஆகியவை பற்றிய ஒவ்வொரு கூற்றையும் தனித் தாளில் எழுதி, வாசிப்பு முடிந்தபின் ஓர் ஆலிமிடமோ நம்பகமான ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூலிலோ சரிபார்க்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் இறைவனிடம் நன்மையை வேண்டித் தொழும் இஸ்திகாராவை எடுத்துக்கொள்ளுங்கள். நாவல்களில் நாயகி இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு உறங்குகிறாள். கனவில் ஒளி சூழ்ந்த ஒரு முகம் தெரிகிறது. விடிந்ததும் சம்மதம் சொல்கிறாள். ஜாபிர் (ரலி) அறிவித்து, புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் பதிவான ஹதீஸிலோ இரண்டு ரக்அத்தும் ஒரு துஆவும் மட்டுமே உண்டு. கனவு என்ற சொல்லே இல்லை. இந்தச் செயல் எனக்கு நல்லதாக இருந்தால் எளிதாக்கு, தீயதாக இருந்தால் என்னை விட்டு அதையும், அதை விட்டு என்னையும் விலக்கு, நன்மை எங்கே இருந்தாலும் அதை எனக்கு விதித்து அதில் என்னைத் திருப்தியடையச் செய் என்று கேட்பதே அந்தத் துஆவின் கருத்து. கனவை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பெண், அது வராதபோது தன் துஆ ஏற்கப்படவில்லை என்று குமைகிறாள். நாவலின் ஒரு அலங்காரம் ஈமானில் உண்டாக்கும் கீறல் இப்படித்தான் இருக்கும். ஆனால் பாவம், ஆபாசம் என்று தேடுகிறவர்களின் கண்ணில் இது படுவதே இல்லை.

இதைவிடக் கனமானது சம்மதம் பற்றியது. விருப்பமில்லாத பெண்ணை மணமுடித்து வைப்பதும், கணவனின் கடுமையை அவள் பொறுத்துப் பொறுத்து இறுதியில் அவனுடைய காதலை வெல்வதும் எத்தனையோ கதைகளில் ஸப்ர் (பொறுமை) என்ற பெயரில் போற்றப்படுகின்றன. தன் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை செய்துவைத்த திருமணத்தைப் பற்றி கன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அந்தத் திருமணத்தை ரத்துச் செய்தார்கள் என்பதும் புகாரியில்தான் இருக்கிறது.

பரீரா (ரலி), முகீஸ் (ரலி) ஆகியோரின் நிகழ்ச்சி இன்னும் நுட்பமானது. நான் யாருக்கு இந்த வாசிப்பு முறையை விளக்கினாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பரீரா தம் கணவரை விட்டுப் பிரிய முடிவெடுத்தார். முகீஸ் மதீனாவின் தெருக்களில் அவர் பின்னால் அழுதுகொண்டே நடந்ததையும், கண்ணீர் தாடியில் வழிந்ததையும் இன்றும் காண்பது போலிருக்கிறது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள், நீ அவரிடம் திரும்பிச் சென்றால் என்ன என்று பரீராவிடம் கேட்டார்கள். இது உங்கள் கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரை மட்டுமே என்று பதில் வந்தது. அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். அத்தோடு அது முடிந்தது. ஒரு நாவலாசிரியர் கையில் இதே கதை கிடைத்தால் முகீஸின் கண்ணீர் வென்றிருக்கும். அவளைத் தொடர்ந்து வந்த காலடிகளே காதலின் சான்றாகியிருக்கும். இங்கே அவருடைய காதல் கேலி செய்யப்படவில்லை, அவருக்காகப் பரிந்து பேசப்பட்டது. ஆனாலும் அந்தக் கண்ணீர் அவளுடைய முடிவின் மேல் அவருக்கு எந்த உரிமையையும் தரவில்லை. நீங்கள் படிக்கும் நாவலில் ‘வேண்டாம்’ என்று சொன்ன பெண்ணுக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். அவளுடைய மறுப்பை ஆணவம் என்று கதை அடிக்கோடிடுகிறதா, அவள் மனம் மாறும்வரை விடாமல் துரத்துகிறதா, அல்லது அவள் மறுத்தபடியே மரியாதையோடு வாழ விடுகிறதா?

காதலுக்காக வந்த ஈமான்

முஸ்லிம் அல்லாத நாயகன் அல்லது நாயகி கலிமா சொல்லி இஸ்லாத்தை ஏற்பது இவ்வகைக் கதைகளின் உச்சக்கட்டங்களில் ஒன்று. வாசிப்பவருக்கு அந்தப் பக்கத்தில் கண் கலங்கும். காதலுக்காக வந்த ஈமான் போலியானது என்று அவசரப்பட்டுத் தள்ளிவிடவும் முடியாது. அபூ தல்ஹா (ரலி) பெண் கேட்டு வந்தபோது, நீங்கள் இஸ்லாத்தை ஏற்பதே என் மஹர் என்று உம்மு ஸுலைம் (ரலி) சொன்ன செய்தி நஸாயீ என்ற ஹதீஸ் தொகுப்பில் உண்டு. பின்னாளில் அபூ தல்ஹா எத்தகைய நபித்தோழராக விளங்கினார் என்பது நாம் அறிந்ததே. ஆகவே நாவலிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கலிமாவுக்குப் பிறகு அந்தக் கதாபாத்திரத்துக்குத் தனியாக ஒரு தொழுகை, ஒரு சந்தேகம், ஒரு கேள்வி இருக்கிறதா? துணைவர் கதையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டால் அந்த ஈமான் எதைப் பற்றி நிற்கும்? இதற்கு நூலில் விடை இருந்தால் அது வாசகரின் ஈமானுக்கும் உரம் சேர்க்கும். இல்லாவிட்டால், இறைவனுக்கு உரிய இடத்தில் ஒரு மனிதரை உட்கார வைத்துப் பார்த்துப் பழகிவிட்டோமோ என்று சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.

உங்களை நீங்களே கவனித்தல்

நாவலின் விளைவை நூலுக்குள் மட்டும் தேடக் கூடாது. படிக்கும் நாட்களில் நான்கைந்து செய்திகளை நாட்குறிப்பில் நேர்மையாக எழுதுங்கள். இரவு எத்தனை மணிவரை படித்தீர்கள், ஃபஜ்ர் (அதிகாலைத் தொழுகை) தப்பியதா என்பது முதலாவது. நாயகியின் தஹஜ்ஜுதை (பின்னிரவுத் தொழுகையை)ப் படித்துக் கண்ணீர் விட்டுவிட்டுத் தன் ஃபஜ்ரைத் தவறவிட்ட கதை எனக்கே உண்டு. கணவரிடமோ மனைவியிடமோ பேசும்போது மனத்துக்குள் யாரோடாவது ஒப்பிட்டீர்களா என்பது அடுத்தது. திருமணமாகாதவர் என்றால், உங்கள் துஆவின் சொற்கள் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்: ‘நல்ல துணையைத் தா’ என்பது, குறிப்பிட்ட முகமும் குறிப்பிட்ட உரையாடலும் கொண்ட ஒருவரைத் தா என்று ஆகியிருக்கக் கூடும். நல்ல மாற்றங்களையும் அதே நேர்மையோடு எழுத வேண்டும். விட்டுப்போன குர்ஆன் ஓதலைத் தொடங்கியிருக்கலாம். ஒரு தௌபாவுக்கு (பாவமன்னிப்புத் தேடலுக்கு) மனம் இளகியிருக்கலாம். தம்மைப் போலவே தொழுகிற, தயங்குகிற, ஆசைப்படுகிற ஒருவரை முதன்முறையாகக் கதையின் நடுவில் பார்த்த ஆறுதல் இருக்கலாம். அந்த ஆறுதல் சிறியதன்று. நூலை மூடி இரண்டு வாரம் கழித்து அந்தக் குறிப்புகளையும், தொடக்கத்தில் எழுதி வைத்த ஒரு வரியையும் மீண்டும் படியுங்கள். வாசிப்பின் வேகத்தில் வந்து போனது எது, தங்கியது எது என்று அப்போதுதான் தெரியும்.

ஒன்று முடிந்த உடனே அடுத்ததைத் தேடும் வேகம் தொடர்ந்தால், நடப்பது வாசிப்பாக இராமல் பசியாக இருக்கிறது என்று கொண்டு, ஒரு மாதம் வேறு வகை நூலுக்கு மாறுங்கள். காதலைப் பற்றியே படிக்க விரும்புவோர்க்கும் நம் மரபில் வேறு நூல்கள் இல்லாமல் இல்லை. 11-ஆம் நூற்றாண்டு அந்தலூஸின் (முஸ்லிம் ஆட்சியிலிருந்த ஸ்பெயினின்) சட்ட அறிஞர் இப்னு ஹஸ்ம் ‘புறாவின் கழுத்து வளையம்’ என்ற நூலில் காதலின் அடையாளங்களையும் வேதனைகளையும் ஒளிவுமறைவின்றி எழுதி, பாவத்தின் இழிவையும் கற்பின் சிறப்பையும் பற்றிய இயல்களோடு முடித்தார். 1350-இல் மறைந்த இப்னுல் கய்யிமும் காதலர்களின் தோட்டம் என்று பெயரிட்டே ஒரு நூல் எழுதினார். மார்க்க அறிஞர்கள் இந்தப் பொருளைக் கண்டு முகம் சுளித்தவர்கள் என்று நினைப்பவர்களுக்கு இவை வியப்பளிக்கும்.

பிள்ளைகள் படிக்கும்போது

நைஜீரியாவின் கானோவில் 2007-இல் அதிகாரிகள் சோயய்யா நூல்களைப் பலர் முன்னிலையில் தீயிட்டார்கள். நூல்கள் எழுதப்படுவதும் நிற்கவில்லை, படிக்கப்படுவதும் நிற்கவில்லை. வீட்டில் நூலைப் பிடுங்கினால் நடப்பதும் அதுதான், கைப்பேசி இருக்கும் காலத்தில் இன்னும் எளிதாக நடக்கும். பிடுங்குவதை விட, மகளிடமோ மகனிடமோ கேட்டு வாங்கி நீங்களும் அதே நாவலைப் படிப்பது பயனுள்ளது. படித்தபின் ‘இதில் ஹராம் எத்தனை?’ என்று விசாரணையைத் தொடங்காதீர்கள். ‘இந்தக் கதையில் உனக்கு யார் மீது கோபம் வந்தது?’ என்று கேளுங்கள். கோபம் வந்த இடத்தில்தான் பிள்ளையின் மதிப்பீடு இருக்கிறது. அதைக் கேட்ட பிறகு பரீராவின் கதையைச் சொன்னால், அது உபதேசமாக இராமல் அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகவே போய்ச் சேரும். வயதுக்கு மீறிய காட்சிகள் இருந்தால் அதை நேராகச் சொல்லி, நூலை ஒதுக்கி வைக்கச் சொல்வதில் தவறில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கடைசிப் பக்கத்துக்குப் பிறகு

பெரும்பாலான நாவல்கள் நிக்காஹ் இரவோடு, அல்லது கணவன் முதன்முதலாகத் தன் மனத்தைத் திறந்து பேசும் விடியலோடு முடிந்துவிடுகின்றன. சூரத்துர் ரூமின் 21-ஆம் வசனம் தம்பதியரிடையே நேசத்தையும் இரக்கத்தையும் இறைவன் ஏற்படுத்தியதாகக் கூறுகிறது. நாவல்கள் முதலாவதை ஐந்நூறு பக்கம் விரித்துவிட்டு, இரண்டாவதன் வாசலில் திரை போட்டுவிடுகின்றன. எங்கள் வட்டத்தில் இதற்காகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். படித்து முடித்த ஒவ்வொருவரும், கதை முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு நாளைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுத்துத் திறமை தேவையில்லை.

ஒருமுறை எல்லோரும் ஒரே சூழலை எடுத்துக்கொண்டோம்: நள்ளிரவு இரண்டு மணி, குழந்தைக்குக் காய்ச்சல், மறுநாள் இருவருக்கும் வேலை. நாவலில் எங்களை அத்தனை பேரையும் கவர்ந்திருந்த அந்த அழகிய குரல் கொண்ட நாயகனை எழுந்து தண்ணீர்த் துணி நனைக்க வைக்க ஒருவராலும் முடியவில்லை. எப்படி எழுதினாலும் அவன் உறங்கிக்கொண்டே இருந்தான், நாயகிதான் எழுந்தாள். முந்நூறு பக்கங்களில் அவன் யாருக்காகவும் ஒரு குவளை தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்ததில்லை என்பதை ஒரு பெண்மணி அப்போதுதான் நூலைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். அதே நாவலில் இரண்டே காட்சிகளில் வந்துபோகும் நாயகியின் வயதான மாமனார், தம் மனைவியின் மாத்திரை வேளையை மறக்காமல் இஷா தொழுத கையோடு வீடு திரும்புபவர். அடுத்த வாரம் மூன்று பேர் அவரைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார்கள்.